உதைப்பதற்கு முன் காது கொடுங்கள்

காலை ஆறரை மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் இணுவிலில் காங்கேசன்துறை வீதியோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். யாழ்ப்பாண நகரை நோக்கிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களில் எத்தனையோ பெண்கள் ஓட்டிச் செல்பவை. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, கொளுக்கியில் சாப்பாட்டுப் பை. ஆசிரியை, கடையில் நிற்பவர், வைத்தியசாலைச் சிற்றூழியர், வீடு வீடாகச் சென்று துணி விற்பவர் என்று எல்லோரும் அதில் அடக்கம். எமது தாய்மார் சைக்கிள் மிதித்த வீதி இது. இன்று கியர் இல்லாத வண்டி எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் எமது ஊர்களில் அதற்கு ஸ்கூட்டி என்றே பெயர்.

குடும்பத் தலைமை தாங்கும் பெண்களோடு வேலை செய்பவள் என்ற வகையில் நான் கண்டது, ஸ்கூட்டி அவர்களுக்கு ஆடம்பரப் பொருள் அல்ல. அது தையல் இயந்திரம் போல, கறவை மாடு போல ஒரு தொழிற்கருவி. பலர் அதை லீசிங்கில் எடுத்திருக்கிறார்கள். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதக் கட்டணம் கட்டியே ஆகவேண்டும். எனவே ஒரு நாள் காலையில் அது ஸ்ரார்ட் ஆகாவிட்டால் இழப்பு வண்டியோடு நிற்பதில்லை. அன்றைய வருமானம், பிள்ளையின் பள்ளிக்கூடம், வாடிக்கைக்காரரின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்து போகின்றன.

இணுவிலில் ஓர் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு தாய் இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறார். 2009இல் காணாமற்போன கணவரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. கார்த்திகை மழை விட்ட ஒரு விடியற்காலையில் அவருடைய ஸ்கூட்டி ஸ்ரார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து உதைத்தான். மைத்துனர் வந்து தள்ளினார். இன்னொருவர் பிளக்கைக் கழற்றி அதற்குள் பெற்றோல் விட்டார்.

“தள்ளினால் வருமெண்டு ஒழுங்கை முடியும்வரை தள்ளினவை மிஸ். நான் இடியப்பத் தட்டோட பின்னால ஓடினேன். எல்லாம் ஆறிப்போச்சு. ஒரு கடைக்காரர் அண்டைக்கு வேறை ஆளிட்டை எடுத்திட்டார்” என்றார்.

பிறகு வண்டி ஒரு கராச்சுக்குப் போனது. திறந்து பார்க்காமலே, “பெற்றோல் பம்ப் போயிட்டுது, முழுசா மாத்த வேணும்” என்று அங்கே சொல்லப்பட்டது. கேட்ட தொகை அவருடைய ஒரு மாத இலாபத்துக்கும் மேல். அயலவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வேறொருவரிடம் காட்டியபோது காரணம் தெரிந்தது. இருக்கைக்குக் கீழே எலி ஒரு வயரைக் கடித்திருந்தது. அந்த வயர் இரும்பில் முட்டி பியூஸ் எரிந்திருந்தது. பம்ப் சுகமாகவே இருந்தது. வயரை ஒட்டி, ஒரு பிளேன்ரீ விலையில் புதிய பியூஸ் போட்டதும் வண்டி ஓடியது.

இதில் அந்தக் கராச்சில் நின்றவர் ஏமாற்றினாரா, அவருக்கே தெரியவில்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டாவதுதான் கூடுதலாக நடக்கிறது என்பது என் எண்ணம். ஏனென்றால் அந்தக் காலையில் ஒழுங்கையில் செய்யப்பட்ட எல்லா வைத்தியமும் வேறொரு வகை வண்டிக்கு உரியது.

பழைய மோட்டார் சைக்கிள்களில் காபரேற்றர் இருக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அந்த உறிஞ்சலோடு பெற்றோலும் இழுபட்டுப் போகும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. புதிய வண்டிகளில் காபரேற்றர் இல்லை. எஃப்.ஐ. என்று எழுதியிருப்பவை அவைதான். அவற்றின் பெற்றோல் தாங்கியில் சிறிய மின்சாரப் பம்ப் ஒன்று இருக்கிறது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அமுக்கம் ஏறினால்தான் குழாய் நுனியில் மருந்து புகைபோலச் சீறும். அமுக்கம் இல்லாவிட்டால் சொட்டுச் சொட்டாக வடியும். எஃப்.ஐ. வண்டியிலும் பம்ப் அமுக்கத்தை ஏற்றுகிறது, இன்ஜெக்டர் என்ற நுண்ணிய குழாய்நுனி பெற்றோலைச் சீறுகிறது. எப்போது சீறவேண்டும், எவ்வளவு சீறவேண்டும் என்பதை ஈ.சி.யு. என்ற சிறிய கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. எஞ்சினின் சூடு, உள்ளே போகும் காற்று, அக்சிலேற்றர் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறது என்பவற்றை அதற்குச் சொல்ல ஆங்காங்கே சென்சர்கள் இருக்கின்றன.

ஆக, பம்ப், இன்ஜெக்டர், கணினி, சென்சர் எல்லாமே பற்றரியை நம்பி இருப்பவை. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இவ்வகை எஞ்சின் உலகத்துக்குப் புதிதல்ல. கவசாகி கம்பனி 1980இலேயே பெரிய மோட்டார் சைக்கிளில் இதைப் பொருத்தி விற்றது. இந்தியாவில் ஹீரோ ஹொண்டா 2006இல் 125 சி.சி. கிளாமர் வண்டியில் கொண்டுவந்தது. ஆனால் எமது வாசலுக்கு இது பெருமளவில் வரக் காரணம் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததால் அங்கு தயாராகும் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. ஆகிவிட்டன. இலங்கையிலோ 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் திரும்ப அனுமதிக்கப்பட்டது. இடையில் நாம் பழைய காபரேற்றர் வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடினோம். இப்போது வரும் புதியவை வேறு இனம். கராச்சின் பழக்கமும் வீட்டு ஆண்களின் பழக்கமும் இன்னும் பழைய வண்டியில் நிற்கின்றன.

அந்தப் பழக்கத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சனசமூக நிலைய முற்றத்தில் ஒரு பின்னேரம் சில பெண்களைக் கூட்டி இதுபற்றிக் கதைத்தபோது, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா சிரித்துக்கொண்டு சொன்னார்: “உங்கட கொம்பியூற்றரும் பெட்டியும்! எங்கட மனுசன் மண்ணெண்ணெயில மோட்டச் சைக்கிள் ஓடினவர். சூப்பிப் போத்தலுக்க துளி பெற்றோல் வைச்சிருப்பார், தங்கத்தைப் போல.”

இளைய தலைமுறைக்கு இது கதையாக இருக்கலாம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, பற்றரியும் வரவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாகக் கிடைத்தது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆகவே தீப்பிடிக்காது. அதற்கு எங்கள் ஆட்கள் கண்ட வழி, சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து எஞ்சினைச் சூடாக்குவதுதான். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு வெள்ளைப் புகையோடு ஓடும். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது வலிகாமத்திலிருந்து வயோதிபரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போன மோட்டார் சைக்கிள்களும் இப்படி ஓடியவைதான். அது வறுமையில் பிறந்த பொறியியல். எந்தக் கல்லூரியும் அதைக் கற்பிக்கவில்லை.

ஆனால் அது காபரேற்றர் வண்டியின் பொறியியல். எஃப்.ஐ. வண்டிக்கு மண்ணெண்ணெய் கலந்தால் எஞ்சின் இடிக்கும், கரி படியும், புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் பழுதாகும், இன்ஜெக்டரும் கெட்டுப்போகலாம். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப இது பணக்காரப் பிள்ளை” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

அன்று முற்றத்தில் நான்கு ஸ்கூட்டிகள் நின்றன. மூன்று எஃப்.ஐ., ஒன்று பழையது. எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு முதலாவது வண்டியின் திறப்பைத் திருகினோம். ஸ்ரார்ட் பொத்தானை அமுக்கவில்லை. இருக்கையின் கீழிருந்து “ங்ஙீ...” என்று மெல்லிய ரீங்காரம் எழுந்து இரண்டு விநாடியில் நின்றது. அதுதான் பம்ப் அமுக்கத்தை ஏற்றும் சத்தம். இரண்டு வருடம் அதே வண்டியை ஓடிய பெண், “ஐயோ, இது இவ்வளவு நாளும் கத்தினதோ?” என்றார். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த ஊரில் காதுக்குக் குறைவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சகோதரிகளே, நான் சொல்ல வருவதில் முக்கியமானது இது. வண்டி சுகமாக இருக்கும் நாளில் அதைக் கவனித்து வையுங்கள். பிள்ளை நித்திரையில் எப்படி மூச்சு விடும் என்று தெரிந்த தாய்க்குத்தான் மூச்சு மாறும்போது தெரியும். நாளைக் காலையில் திறப்பைத் திருகி, பொத்தானைத் தொடாமல் மூன்று விநாடி பொறுங்கள். பம்ப் எவ்வளவு நேரம் பாடுகிறது, மீற்றரில் எஞ்சின் வடிவத்தில் எரியும் மஞ்சள் விளக்கு எப்போது அணைகிறது என்று பாருங்கள். சில வண்டிகளில் அந்த விளக்கு ஓரிரு விநாடியில் அணையும். வேறு சிலவற்றில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்பே அணையும். உங்கள் வண்டியின் வழக்கம் எதுவென்று தெரிந்தால் போதும்.

இனி ஸ்ரார்ட் ஆகாத காலைக்கு வருவோம். முதலில் யாரையும் கூப்பிட வேண்டாம்.

பொத்தானை அமுக்கியும் எந்த அசைவும் இல்லையென்றால், அது பெரும்பாலும் பழுது அல்ல, பூட்டு. ஸ்கூட்டிகளில் பிரேக் பிடித்துக்கொண்டு அமுக்கினால்தான் ஸ்ரார்ட் ஆகும். புதிய வண்டிகள் பலவற்றில் பக்க ஸ்ராண்ட் இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது. வலக்கைப் பிடியில் சிவப்பு நிறச் சுவிச் உள்ள வண்டியாயின் பிள்ளைகள் விளையாடும்போது அதைத் தட்டியிருக்கலாம். கியர் வண்டியாயின் நியூட்ரலில் நிற்கிறதா என்று பாருங்கள், கிளச்சையும் பிடியுங்கள். வண்டி இரவில் மணலில் சரிந்து விழுந்திருந்தால் இன்னொன்று இருக்கிறது. பல எஃப்.ஐ. வண்டிகளில் சரிவை உணரும் சென்சர் ஒன்று, விபத்து என்று நினைத்து எஞ்சினை நிறுத்திவைக்கும். வண்டியை நிமிர்த்தி, திறப்பை முழுதாக மூடித் திறந்தால்தான் அது விடும். வண்டியை நிமிர்த்தியவர்கள் திறப்பை மூடாமலே அரை மணித்தியாலம் பொத்தானை அமுக்கிய கதையும் எனக்குத் தெரியும்.

“டக்” என்று ஒரு சத்தம், அல்லது “டக டக டக” என்று தொடர் சத்தம், கூடவே மீற்றர் விளக்கு மங்குகிறது என்றால் பற்றரி சோர்ந்திருக்கிறது. ஹோர்ணை அடித்துப் பாருங்கள், தொண்டை கட்டியதுபோலக் கேட்கும். பற்றரியின் முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப் பூத்திருந்தாலும் இதே நிலைதான். சுத்தம் செய்து இறுக்கினால் சில வேளை அதோடு பிரச்சினை தீரும். பன்னிரண்டு வோல்ட் பற்றரி என்று சொன்னாலும் முழுச் சக்தியில் ஓய்ந்திருக்கும்போது அது 12.6 வோல்ட் அளவில் காட்டவேண்டும். 12க்குக் கீழே இறங்கியிருந்தால் அநேகமாக வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். ஓடும்போதும் 12இலேயே நின்றால் புதிய பற்றரி வாங்கிப் போட்டும் பயனில்லை, சார்ஜ் ஏற்றும் பகுதியில் கோளாறு. பற்றரிக் கடையில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். அளக்காமல் பற்றரி வாங்காதீர்கள்.

வீட்டிலிருந்து சந்திக்கும் சந்தியிலிருந்து வீட்டுக்குமாக ஓடும் வண்டியில் பற்றரி நிரம்ப நேரம் கிடைப்பதில்லை. எமது பெண்களின் ஓட்டம் பெரும்பாலும் அப்படித்தான். கிழமைக்கு ஒரு தடவையாவது சுன்னாகம் வரையோ கோப்பாய் வரையோ நிற்காமல் ஓடும் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவதைப் பற்றி. கியர் இல்லாத ஸ்கூட்டியைத் தள்ளி ஸ்ரார்ட் செய்ய முடியாது. எஃப்.ஐ. ஆனாலும் முடியாது, காபரேற்றர் ஆனாலும் முடியாது. அதில் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் கிளச் தானாகப் பிணைந்து பின்சில்லை இழுக்கும். சில்லைச் சுழற்றினால் எஞ்சின் சுழலாது. எத்தனை பேர் வந்து தள்ளினாலும் அவர்களுக்கு வியர்க்கும், உங்களுக்கு நேரம் போகும், ஒழுங்கைக்குப் பேசப் பொருள் கிடைக்கும். கியர் உள்ள வண்டியை இரண்டாம் கியரில் தள்ளலாம், ஆனால் எஃப்.ஐ. என்றால் பம்ப்பையும் கணினியையும் எழுப்பும் அளவுக்காவது பற்றரியில் உயிர் இருக்கவேண்டும். உதைப்பதற்கும் இதே விதி. புதிய ஸ்கூட்டிகள் சிலவற்றில் உதைக்கும் கம்பியே இல்லை.

அடுத்தது, எஞ்சின் உற்சாகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கேதான் அந்த இரண்டு விநாடிச் சத்தம் உதவுகிறது. திறப்பை மூடிப் பத்து விநாடி விட்டுத் திரும்பத் திருகுங்கள். மீற்றர் எரிகிறது, பம்ப் சத்தம் இல்லை என்றால் முதலில் பியூஸ். இருக்கைக்குக் கீழே அல்லது பற்றரிக்குப் பக்கத்தில் சிறிய பெட்டிக்குள் அது இருக்கும். பலவற்றில் மேலதிக பியூஸ் ஒன்றையும் கம்பனியே வைத்திருக்கும். எரிந்ததன் உள்ளே கம்பி அறுந்திருப்பது வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதே இலக்கத்தையே போடவேண்டும், 10 என்றால் 10, 15 என்றால் 15. வயர்த் துண்டையோ ஈயத் தாளையோ வைத்து ஒப்பேற்றினால் அடுத்து எரிவது வயர்க் கட்டு முழுவதுமாக இருக்கலாம். புதிய பியூசும் உடனே எரிந்தால் எங்கோ வயர் முட்டுகிறது, அது கராச் வேலை. தோட்டம் சூழ்ந்த எமது ஊர்களில் எலி இதற்கு முதற் சந்தேக நபர். மழைக் காலத்தில் எஞ்சின் சூட்டைத் தேடி அது இருக்கைக்குக் கீழே குடிவரும். வண்டிக்குப் பக்கத்தில் நெல் மூட்டையும் தவிட்டு மூட்டையும் வைக்காதீர்கள்.

பம்ப் சத்தம் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் பெற்றோலைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், மீற்றர் முள்ளை நம்பி நின்றவர்கள் பலர். எஃப்.ஐ. வண்டியில் பம்ப் பெற்றோலுக்குள் மூழ்கியிருந்தே குளிர்ச்சி பெறுகிறது. எப்போதும் அடிமட்டத்தில் ஓடினால் அதன் ஆயுள் குறையும். இருநூறு ரூபாய்க்கு அடித்து இருநூறு ரூபாய்க்கு ஓடுவது ஏன் என்று எமக்குத் தெரியும், கையில் இருப்பது அவ்வளவுதான். முடிந்த அளவில் கால் தாங்கி மிஞ்சி நிற்கப் பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். பெற்றோல் முற்றாகத் தீர்ந்து நின்ற வண்டிக்குப் பெற்றோல் விட்டதும் உடனே பொத்தானை அமுக்காமல், திறப்பை மூன்று தடவை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடிக் குழாயை நிரப்பும்.

தண்ணீர் கலந்த பெற்றோலும் இருக்கிறது. தண்ணீர் பாரமானது, தாங்கியின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அடைமழைக்குப் பிறகு, அல்லது போத்தல் பெற்றோல் வாங்கி விட்ட பிறகு வண்டி இருமி இருமி நிற்கிறது என்றால் இதை நினையுங்கள். 2022இல் வரிசையில் நின்று, பிறகு கியூ.ஆர். அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கிடைத்த காலத்தில் பலர் கலன்களில் பெற்றோல் சேமித்தார்கள். மாதக்கணக்கில் வைத்த பெற்றோல் பழுதாகிப் பிசுபிசுப்பு விடும். அந்தப் பிசுபிசுப்புக்கு இன்ஜெக்டரின் மயிரளவுத் துளைகள் தாங்காது. வீட்டுக்குள் பெற்றோல் வைப்பதன் ஆபத்தைத் தீக்காய வார்ட்டில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஸ்ரார்ட் செய்யும்போது அக்சிலேற்றரைத் திருகுவது காபரேற்றர் காலத்துக் கைப்பழக்கம். எஃப்.ஐ. வண்டியில் கையை விட்டுவிடுங்கள், அளவைக் கணினி பார்த்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அமுக்கியதில் பெற்றோல் மணம் வீசத் தொடங்கினால் எஞ்சின் நனைந்துவிட்டது. பல வண்டிகளில் அக்சிலேற்றரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி சில விநாடி பொத்தானை அமுக்கினால் கணினி பெற்றோலை நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு உள்ளே காயவைக்கும். ஒரு முறைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அமுக்க வேண்டாம், இடையில் பற்றரிக்கு ஓய்வு கொடுங்கள். பிறகும் பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. மெக்கானிக் பம்ப்பைக் குற்றம் சொல்லும்போது, “பிளக் நனைஞ்சிருந்ததோ காய்ஞ்சிருந்ததோ அண்ணை?” என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்களோடு பேசும் தொனியே மாறும்.

நீங்கள் ஒருபோதும் செய்யக்கூடாத ஒன்று, பெற்றோல் வருகிறதா என்று பார்க்கக் குழாயைக் கழற்றுவது. பழைய வண்டியில் அது சொட்டும். எஃப்.ஐ. வண்டியில் குழாய்க்குள் அமுக்கம் மூன்று பார் அளவில் இருக்கலாம், அதாவது காற்றடித்த ரயரின் அமுக்கத்தைவிடவும் அதிகம். கண்ணிலும் சூடான எஞ்சினிலும் பெற்றோல் சீறும். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சார்ஜ் பார்ப்பதும் பழைய கராச் முறை. இப்போது அது கணினிப் பெட்டியை எரித்துவிடலாம். இன்னொரு வண்டியின் பற்றரியில் தொடுக்கும்போது சிவப்பும் கறுப்பும் மாறினாலும் அதே கதி. உடைந்த ஸ்ராண்டை வெல்டிங் செய்யக் கொடுத்தால் முதலில் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால், அல்லது விட்டுவிட்டு மின்னினால், வண்டி தனக்கு நோவது எங்கே என்று சொல்கிறது. ஹொண்டாவின் பல வண்டிகளில் நீண்ட மின்னல் பத்து, குறுகிய மின்னல் ஒன்று என்று எண்ண வேண்டும். எட்டுக் குறுகிய மின்னல் என்றால் அக்சிலேற்றர் சென்சர். ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும் என்றால் பன்னிரண்டு, அது இன்ஜெக்டரின் இணைப்பு. மற்றக் கம்பனிகளின் கணக்கு வேறு, சிலவற்றுக்குக் கருவி பூட்டித்தான் வாசிக்க வேண்டும். மின்னலைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் பரிசோதனை அறிக்கையோடு போவதற்குச் சமம் அது.

சமூகவியல் வகுப்பில் உழைப்புப் பிரிவினை என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். அதன் ஒரு பக்கம் கராச் வாசலில் இருக்கிறது. பெண் வண்டியைக் கொண்டுபோனால், “வீட்டில ஆம்பிளையள் இல்லையோ, வரச் சொல்லுங்கோ” என்கிறார்கள். வரச் சொல்ல ஆள் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கே குத்தும் என்று சொல்பவருக்குத் தெரிவதில்லை. எமது பெண்பிள்ளைகள் இத்தொழிலைப் படித்தால் நிலைமை மாறும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்துடன் வீட்டில் இருக்கும் மகளை அழகுக்கலைக்கும் தையலுக்கும் மட்டுந்தான் அனுப்ப வேண்டும் என்று எங்கும் எழுதியில்லை.

அதுவரை, கராச்சுக்குப் போகும்போது நான்கு விடயங்களை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: திறப்பைத் திருகியதும் பம்ப் சத்தம் கேட்டதா, மஞ்சள் விளக்கு என்ன செய்தது, பொத்தானை அமுக்கியதும் எஞ்சின் சுற்றியதா, கடைசியாக எப்போது எங்கே பெற்றோல் அடித்தீர்கள். எந்தப் பாகத்தை மாற்றுவதாயினும் முதலில் விலையைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். இடியப்பக்காரத் தாயின் ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே இப்போது ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் 10இலும் 15இலும் இரண்டிரண்டு பியூஸ், ஒரு சிறிய ரோச் லைற், பழைய பற்றுச்சீட்டுகள். எலிக்காக ஒரு பூச்சி உருண்டையும் போட்டிருக்கிறார். அது எலியைத் தடுக்குமோ தெரியாது, இருக்கையைத் திறந்தால் மணம் மட்டும் பலமாக வருகிறது.